பினாங்கில் மூன்று நாள் தங்கினால் எங்கெங்கே சாப்பிடலாம்?

கேட்டிருப்பவர் முதல்முறையாக மலேசியாவின் பினாங்குக்குப் போகிறார். அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனில் மூன்று நாள் தங்கப்போகிறார். அவர் எதையும் சாப்பிடுவார், மனைவி சுத்த சைவம். எங்கே சாப்பிடலாம் என்பது கேள்வி.

நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். ரஜுலா கப்பல் நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு போன காலத்தில், எங்கள் தெருவிலிருந்து போய்வந்தவர்கள் நிறைய பேர். பினாங்குக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இதுவரை ஐந்து தடவை போயிருக்கிறேன். கோயில், மலை, சுவர் ஓவியம் எல்லாம் முதல் பயணத்திலேயே பார்த்து முடிந்தது. மற்ற நான்கும் சாப்பிடுவதற்காகவே போனவை. வீட்டில் வேறு காரணம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரு அங்காடிக் கடை பெரும்பாலும் ஒரே பண்டத்தைத்தான் விற்கும். அதையும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான் விற்கும். காலைக் கடை மதியத்துக்குள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடும். மாலைக் கடை ஐந்து, ஆறு மணிக்குத்தான் அடுப்பு மூட்டும். வார விடுமுறை ஒவ்வொரு கடைக்கும் ஒரு நாள். ஆசையாக நடந்துபோய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு எட்டு, பத்து முறையாவது உண்டு. எங்கே கிளம்பினாலும் பக்கத்திலேயே இரண்டாவது கடை ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பினாங்கு என்றால் எனக்கு முதலில் நாசி கண்டார்தான். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு, கண்டார் என்றால் தோளில் வைத்துத் தூக்கும் காவடித்தண்டு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் கறிச் சட்டியுமாகத் தூக்கிக்கொண்டு துறைமுகப் பக்கம் போய், கூலித் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக்காரர்கள் இந்தத் தொழிலில் அதிகம். தண்டு போய்க் கடை வந்துவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கேம்ப்பெல் தெருவில் இருக்கும் ஹமீதியா 1907-இல் தொடங்கியது. அங்கே நாசி கண்டாரோடு முர்தபாவும் நன்றாக இருக்கும். நம் ஊர் முட்டை பரோட்டாவுக்குள் கறியையும் வெங்காயத்தையும் திணித்தது மாதிரி ஒன்று, கூடவே இளஞ்சிவப்பாக ஊறவைத்த வெங்காயம் தருவார்கள். இன்னொன்று லைன் கிளியர். பெயரைக் கேட்டால் ரயில் நிலையம்தான் ஞாபகம் வரும். பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் மேசை போட்டு நடத்துகிறார்கள். உட்கார்ந்து சாப்பிடச் சொகுசு ஒன்றும் கிடையாது. எனக்கு இதுதான் பிடிக்கும். எந்தக் கடை நல்ல கடை என்று பினாங்குக்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள், சண்டை வந்துவிடும்.

கடையைவிட, வாங்கும் விதம் முக்கியம். கடைக்காரர் தட்டில் சோறு வைத்துக்கொண்டு நீங்கள் கைகாட்டுவதை எடுத்துப் போடுவார். கோழி, ஆட்டுக்கறி, மீன் தலை, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய், உப்பிட்ட முட்டை என்று வரிசையாக இருக்கும். கடைசியில் குழம்பு. இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரே ஒரு குழம்பைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ‘குவா சம்போர்’ என்று சொல்லுங்கள். மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழியில் ஒன்று, ஆட்டுக்கறியில் ஒன்று, கறுப்பாக இனிப்பும் காரமுமாக இருக்கும் சோயாக் குழம்பில் ஒன்று என்று மேலுக்கு மேல் ஊற்றுவார். அது எல்லாம் கலந்து சோற்றில் இறங்கினால்தான் நாசி கண்டார். சோறு மூழ்க வேண்டுமென்றால் ‘பன்ஜிர்’ என்றால் போதும். வெள்ளம் என்று பொருள், அப்படியே செய்துவிடுவார். எங்கள் அம்மா பார்த்தால் எச்சில் தட்டு மாதிரி இருக்கிறதே என்பார். ருசி மட்டும் அவர் குழம்புக்குக் கிட்டத்தில் வரும்.

ஒரு எச்சரிக்கை. முதல் பயணத்தில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், வரிசையில் நின்ற உற்சாகத்தில் பெரிய இறால் இரண்டு, மீன் சினை, கணவாய் என்று கைகாட்டிக்கொண்டே போனேன். பில் முப்பத்தெட்டு வெள்ளி. வெள்ளி என்று அங்கே தமிழர்கள் சொல்வது ரிங்கிட்டை. ஒரு வெள்ளி நம் காசில் இருபது ரூபாய்க்கு மேலே, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மேசைக்காரர் கோழியும் வெண்டைக்காயும் வாங்கி அதில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தார். கடல் அயிட்டம் எதையும் தட்டில் விழுவதற்கு முன்னால் விலை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தமிழிலேயே கேட்கலாம்.

காலையில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் பேரன்தான், ஆனால் மெல்லிசு, மேலே மொறுமொறு. டிரான்ஸ்பர் சாலையில் தெருவோரமாக மேசை போட்டு விற்கும் கடை பிரபலம். தனியாகக் குழம்பு வாங்கித் தொட்டுக்கொள்ளலாம், அல்லது ரொட்டி மேலேயே ஊற்றச் சொல்லலாம். நான் ஊற்றச் சொல்கிற கட்சி. அங்கே காலை உணவு சாப்பிடுவதைப் ‘பசியாறுவது’ என்கிறார்கள். “பசியாறிட்டீங்களா?” என்று கடைக்காரர் முதல் நாள் கேட்டபோது, இவ்வளவு நல்ல சொல்லை நாம் ஏன் டிஃபனுக்கு விட்டுக்கொடுத்தோம் என்று தோன்றியது. அடுத்த கேள்வி, “தண்ணி என்ன?” இது குடிதண்ணீர் பற்றிய கேள்வி இல்லை. குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறார். தே தாரிக் என்று சொல்லுங்கள். நம் ஆற்றிய டீதான், சுண்டிய இனிப்புப் பாலில். சர்க்கரை குறைய வேண்டுமென்றால் ‘குராங் மானிஸ்’. அப்போதும் இனிப்பாகத்தான் இருக்கும்.

ரொட்டி என்றதும் இன்னொன்று. பினாங்கில் ‘ரொட்டி பெங்காலி’ என்று ஒரு பேக்கரி ரொட்டி உண்டு. வங்காளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கூட்டாகச் சேர்ந்து பேக்கரி நடத்திய தமிழ் முஸ்லிம்கள் ‘பங்காளி’ என்று சொன்னது திரிந்து பெங்காலி ஆனது என்பார்கள். பங்காளி ரொட்டியைக் கோழிக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் நாள் காலைக்குச் சீனர் கடை. கேம்ப்பெல் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் தோ சூன் என்ற காப்பிக் கடை இருக்கிறது. கரி அடுப்பில் ரொட்டி வாட்டி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயா ஜாம் தடவித் தருகிறார்கள். அரைவேக்காட்டு முட்டை இரண்டு, கெட்டிக் காப்பி. மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்காரச் சொல்வார்கள், உட்கார்ந்துவிடுங்கள். பொதுவாகச் சீனர் காப்பிக் கடைகளில் மேசை ஒருவருடையது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு அடுப்பும் வேறொருவருடையது. மேசைக்காரரின் வருமானம் பானத்தில்தான். அதனால் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும், வாங்காவிட்டால் முகம் சுளிப்பார்கள்.

சார் குவே தியோவை எல்லோரும் சொல்வார்கள். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், சிப்பி, முளைப்பயறு, முட்டை, எல்லாம் பெருநெருப்பில் ஒரு வதக்கு. சியாம் சாலையில் கரி அடுப்பில் வதக்கும் கடைக்கு எப்போதும் வரிசை நிற்கும். நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் நிற்கத் தகுமா என்றால், எனக்குத் தகவில்லை. பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட பாங்காக் லேனில் கிடைக்கும் மீ கோரெங் எனக்கு உசத்தி. தமிழ் முஸ்லிம் கைப்பக்குவத்தில் மஞ்சள் நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, டோஃபு, கணவாய்ச் சம்பல், மேலே பிழிய எலுமிச்சை. சீனனின் நூடுல்ஸும் நம்மவர் மசாலாவும் சேர்ந்த சம்பந்தம்.

லக்சாவைத் தவறவிடாதீர்கள். பினாங்கு அசாம் லக்சாவில் (அசாம் என்றால் மலாயில் புளி) தேங்காய்ப்பால் கிடையாது. மீனை வேகவைத்து உதிர்த்துப் புளியில் கொதிக்கவிட்ட குழம்பு, அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, வெங்காயம், இஞ்சிப்பூ. கரண்டியில் கறுப்பாக இறால் விழுது ஒன்று தருவார்கள், அதைக் கரைத்துவிட வேண்டும். முதல் வாய்க்கு எனக்குக் குழப்பமாக இருந்தது. மீன் குழம்பில் அன்னாசியா? மூன்றாவது வாயில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். கெக் லோக் சி கோயில் இருக்கும் ஆயர் ஈத்தாம் பக்கம் இதற்குப் பேர்போனது, நகரத்திலிருந்து பேருந்திலேயே போய்விடலாம். கோயிலைப் பார்த்துவிட்டு, வெயிலில் வியர்த்து இறங்கிய பிறகு சாப்பிட்டால் புளி சரியாக உறைக்கும்.

மதிய வெயிலுக்குச் செண்டோல். பினாங்கு சாலையிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில், 1936 முதல் விற்கிறார்கள். துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்பு பீன்ஸ், பச்சைப் புழு மாதிரி மாவு இழைகள். பார்க்க எப்படியோ இருக்கும், கவலைப்படாதீர்கள். உங்கள் மனைவியும் சாப்பிடலாம். சந்தில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நகர வேண்டும்.

சைவத்துக்கு வருகிறேன், இதில்தான் கவனம் வேண்டும். அங்கே காய்கறி வதக்கலில்கூட ‘பெலாச்சான்’ என்கிற இறால் விழுது ஒளிந்திருக்கும். காய்தானே என்று நம்பி வாங்கினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால் மனைவிக்குப் பாதுகாப்பான இடம் லிட்டில் இந்தியா. பினாங்கு தெருவில் இருக்கும் உட்லண்ட்ஸில் தோசை, இட்லி, சாப்பாடு எல்லாம் உண்டு. அவ்வளவு தூரம் போய் தோசையா என்று நீங்கள் முணுமுணுக்கலாம், ஆனால் இரண்டாம் நாள் இரவில் நீங்களே அங்கே போய் ரசம் கேட்பீர்கள். சீன பௌத்தர்களின் சைவக் கடைகளும் உண்டு. சோயாவில் மீன், கோழி மாதிரியே செய்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் பூண்டு வெங்காயம் சேர்ப்பதில்லை. என்னோடு வந்த என் சித்திக்கு அந்த ‘மீன்’ மேல் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. தெருவில் ‘புட்டு மாயம்’ என்று விற்பது நம் இடியாப்பம்தான், துருவிய தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டது. ஆப்பத்துக்கு அங்கே அப்போம். அதில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாலையில் கடற்கரையோரம் பாடாங் கோத்தா லாமாவுக்குப் போங்கள். பசெம்போர் அங்கே சாப்பிட வேண்டியது. பொரித்த வடை, இறால் அடை, டோஃபு, உருளைக்கிழங்கு, முட்டை என்று நீங்கள் பொறுக்கித் தருவதை நறுக்கி, வெள்ளரிக்காய் தூவி, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த இனிப்பும் காரமுமான குழம்பை ஊற்றுவார்கள். இதுவும் நம்மவர்கள் கொண்டுபோய் உருவாக்கியதுதான். இங்கேயும் பொறுக்குவதற்கு முன் விலை. கர்னி டிரைவ் என்னும் கடலோரச் சாலையில் உள்ள அங்காடிக் கடைகளுக்குப் போகச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், குழந்தைகளோடு போனால் வசதி. கூட்டம் பிடிக்காத எனக்கு ஒருமுறை போனது போதும்.

சூலியா தெருவில் நடக்கும்போது நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சின்ன தர்கா கண்ணில் படும். சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லை, எங்கள் ஊர்ப் பாசத்தில் சொல்கிறேன். அப்புறம், ஜாதிக்காய். பினாங்கில் ஜாதிக்காய்ச் சதையைப் பிழிந்து சாறாகக் குடிக்கிறார்கள், ஊறவைத்து ஊறுகாயாகவும் தின்கிறார்கள். சௌரஸ்தா சந்தைப் பக்கம் கிடைக்கும். ஊருக்கு வாங்கி வர இதைவிட நல்ல சாமான் கிடையாது. சைவமும்கூட.

எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நோன்பு மாதமானால் முஸ்லிம் கடைகள் பலவற்றின் நேரம் மாறிவிடும், ஆனால் மாலையில் நோன்புச் சந்தைகள் களைகட்டும். சீனப் புத்தாண்டு என்றால் யோசியுங்கள், சீனர் கடைகளில் பாதிக்குமேல் நாள்கணக்கில் பூட்டியிருக்கும். நான் ஒரு தடவை தெரியாமல் புத்தாண்டுக்கு மறுநாள் போய் இறங்கினேன். லக்சா இல்லை, செண்டோல் இல்லை, காயா ரொட்டி இல்லை. மூன்று நாளும் காலை, மதியம், இரவு நாசி கண்டாரிலேயே ஓட்டினேன். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய்.