உட்ரோ வில்சனைத் தெரிந்துகொள்ள எதை வாசிப்பது?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான். பிரின்ஸ்டன் வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது அலுவலக நண்பர் ஒருவர், "இந்தக் கல்விக்கூடத்துக்கு முன்பு வில்சன் பெயர் இருந்தது, எடுத்தது நல்லது" என்றார். கூட வந்த இன்னொருவர், "அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்கக் கூடாது" என்று முகம் சுளித்தார். முதல் உலகப் போரை முடிக்க அமெரிக்க அதிபர் வில்சன் முன்வைத்த, பள்ளியில் படித்த பதினான்கு அம்சங்களையும், நாடுகள் கூடிப் பேச அவர் கனவு கண்ட பன்னாட்டுச் சங்கத்தையும் தவிர வேறெதுவும் தெரியாத நீங்கள் நடுவில் நின்றீர்கள். இப்போது வில்சனை விமர்சனமாக மறுபரிசீலனை செய்யும் புத்தகங்களைக் கேட்கிறீர்கள்.

நியூ ஜெர்சியில் குடியேறியவர் இந்த மனிதரைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். 1902 முதல் 1910 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவர், பிறகு இந்த மாநிலத்தின் ஆளுநர், 1913 முதல் 1921 வரை நாட்டின் அதிபர். அரசு அலுவலகங்களில் இனப் பிரிவினையை அனுமதித்த வில்சனின் பெயரை எடுக்கச் சொல்லி, 2015 நவம்பரில் கறுப்பின மாணவர்கள் நசாவ் ஹாலில் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து போராடினார்கள். மறு ஆண்டு அறங்காவலர்கள் கூடிப் பேசி, பெயர் இருக்கட்டும் என்றார்கள். 2020 ஜூனில், இனவெறிக்கு எதிராக நாடெங்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அதே அறங்காவலர் குழு பெயரை எடுத்துவிட்டது.

முதலில் எரிக் யெல்லின் எழுதிய 'ரேசிசம் இன் த நேஷன்ஸ் சர்வீஸ்' (2013). வாழ்க்கை வரலாற்றை விட்டுவிட்டு இதில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது பெரிய மனிதரைப் பற்றிய புத்தகம் அல்ல, அவருக்குக் கீழே வேலை பார்த்த எழுத்தர்களைப் பற்றியது. வில்சனுக்கு முன்பு வாஷிங்டனில் அரசுத் தேர்வு எழுதி வேலைக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு கறுப்பின நடுத்தர வர்க்கம் இருந்தது. 1913இல் புது அமைச்சரவை வந்ததும் அஞ்சல் துறையில் பர்லெசனும் கருவூலத் துறையில் மெக்காடூவும் கறுப்பர், வெள்ளையர் என்று மேசைகளைப் பிரித்தார்கள், கழிப்பறைகளைப் பிரித்தார்கள், நடுவே திரை வைத்தார்கள். 1914இல் அரசு வேலை விண்ணப்பத்தோடு புகைப்படம் இணைக்க வேண்டும் என்று விதி வந்தது. தேர்வு அப்படியேதான் இருந்தது. ஆனால் மதிப்பெண்ணைப் பார்ப்பவர் இனி முகத்தையும் பார்ப்பார். இதையெல்லாம் வெறுப்பு என்று அவர்கள் சொல்லவில்லை, நிர்வாகத் திறன் என்றும் உரசல் தவிர்ப்பு என்றும் சொன்னார்கள். யெல்லின் அழுத்திக் காட்டுவது இந்த இடத்தைத்தான். அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இது உறைக்கும்.

அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு குடும்பத்தின் கதை போதும். அரசு அச்சகத்தில் நடுத்தர மேலாளராக இருந்த ஜான் ஆபிரகாம் டேவிஸ் என்பவரைப் பற்றி அவருடைய பேரன் 2015இல் செய்தித்தாளில் எழுதினார். ஆண்டுக்கு 1,400 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர், வில்சன் ஆட்சியில் படிப்படியாக இறக்கப்பட்டு, போர்த் துறையில் 720 டாலருக்குத் தாள் சுமக்கும் பணியாளரானார். குடும்பத்தின் பண்ணை நிலம் ஏலத்துக்குப் போனது.

உங்கள் இரண்டாவது நண்பரின் 'அந்தக் காலத்து மனிதர்' வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 1912 தேர்தலில் வில்சனை ஆதரித்த கறுப்பினப் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ ட்ராட்டர், 1914 நவம்பரில் வெள்ளை மாளிகைக்கே போய், நம்பி வாக்களித்தோம், இப்படிச் செய்துவிட்டீர்களே என்று முகத்துக்கு நேரே கேட்டார். பிரித்து வைப்பது உங்களுக்கு நன்மைதான் என்று வாதாடிய வில்சன், கடைசியில் அவருடைய தொனி சரியில்லை என்று கோபித்து வெளியே அனுப்பிவிட்டார். ட்ராட்டரும் அந்தக் காலத்து மனிதர்தானே!

அடுத்து ஆடம் ஹோக்ஸ்சைல்டின் 'அமெரிக்கன் மிட்நைட்' (2022). இது கதைபோல ஓடும், இரண்டு மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம். 1917 முதல் 1921 வரை போரைக் காட்டி அரசு எப்படிப் பேச்சை நெரித்தது என்பது விஷயம். யெல்லினை முதலில் படித்திருந்தால் ஒரு லாபம் உண்டு. அங்கே திரை வைத்த அதே பர்லெசன், இங்கே போர் எதிர்ப்புப் பேச்சைத் தண்டிக்கப் பயன்பட்ட உளவுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிடிக்காத பத்திரிகைகளை அஞ்சலில் போகவிடாமல் தடுப்பார். சோஷலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918இல் ஒஹாயோவில் போரை எதிர்த்துப் பேசிய ஒரு பேச்சுக்குப் பத்தாண்டுச் சிறை. 1920இல் சிறைக்குள்ளிருந்தே அதிபர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். வில்சன் கடைசி வரை அவரை விடுவிக்கவில்லை. விடுவித்தவர், அவருக்கு அடுத்து வந்த, வரலாற்றாசிரியர்கள் அதிகம் மதிக்காத அதிபர் ஹார்டிங்.

மூன்றாவது, எரெஸ் மனேலாவின் 'த வில்சோனியன் மொமென்ட்' (2007). எகிப்து, இந்தியா, சீனா, கொரியா ஆகிய நான்கு நாடுகளும் ஒவ்வொரு மக்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்ற வில்சனின் சுயநிர்ணயப் பேச்சை எப்படி நம்பின, 1919இல் எப்படி ஏமாந்தன என்பதைச் சொல்கிறது. நமக்கு நெருக்கமான புத்தகம் இதுதான். மதுரையில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் – மணி ஐயர் – 1917 ஜூனில் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். தன்னாட்சி இயக்கத் தலைவர் அன்னி பெசன்ட் அப்போது காவலில் இருந்தார். தன்னாட்சி தருவதாக உறுதி கிடைத்தால் இந்தியா லட்சக்கணக்கான வீரர்களைத் தரும் என்பது கடிதத்தின் சாரம். விஷயம் வெளியே வந்ததும் லண்டனில் கண்டனம் எழுந்தது. ஐயர் தன் சர் பட்டத்தையே துறந்தார். வில்சனோ, 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் ஜப்பான் கொண்டுவந்த இனச் சமத்துவத் தீர்மானத்துக்கு 17இல் 11 வாக்குகள் ஆதரவாக விழுந்த பிறகும், ஒருமித்த கருத்து இல்லை என்று தலைமையில் இருந்தபடி அதைத் தள்ளிவிட்டவர்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். இந்தியர்கள் இந்த நாட்டுக்குள் வருவதைத் தடுத்த 1917ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தை வில்சன் தலையில் கட்டுபவர்கள் நம் கூட்டங்களில் உண்டு. அவர் அதை நிராகரித்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் அதை மீறி நிறைவேற்றியது. அவர் எதிர்த்தது எழுத்தறிவுத் தேர்வை. ஆசியர்களுக்குக் கதவடைத்த பகுதி அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கிறிஸ்டோபர் காக்ஸின் 'உட்ரோ வில்சன்: த லைட் வித்ட்ரான்' (2024) பெண்கள் வாக்குரிமையில் வில்சன் இழுத்தடித்ததைக் கடுமையாகச் சாடுகிறது. ஆசிரியர் வழக்கறிஞர், வில்சனின் கட்சிக்கு எதிரான குடியரசுக் கட்சியின் முன்னாள் எம்.பி. அந்த வாடை பக்கத்துக்குப் பக்கம் அடிக்கும், ஆனால் சான்றுகள் கனமானவை. பட்ரீஷியா ஓடூலின் 'த மாரலிஸ்ட்' (2018) நிதானமானது. எதிர்த் தரப்பும் வேண்டுமென்றால் ஜான் மில்டன் கூப்பரின் 2009ஆம் ஆண்டு வாழ்க்கை வரலாறு. வில்சன் மீது அன்பு கொண்டவர், தகவலில் குறை வைக்காதவர். நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், ரயில் ஊழியருக்கு எட்டு மணி நேர வேலை போன்றவை எப்படி வந்தன என்று அவரிடம்தான் தெளிவாகக் கிடைக்கும். யார் சொல்வதிலாவது சந்தேகம் வந்தால், வில்சனின் கடிதங்களும் உரைகளும் 69 தொகுதிகளாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தாலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. பெயரை எடுத்தவர்கள் தொகுதிகளை எடுக்கவில்லை.

எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஊர் நூலகத்தில் முகவரிச் சான்றோடு போனால் அட்டை இலவசம். வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ பெரும்பாலும் போதும். அங்கே இல்லாத புத்தகத்தை வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். யெல்லினின் புத்தகம் பல்கலைக்கழகப் பதிப்பு என்பதால் அதற்கு இப்படிக் கேட்க வேண்டியிருக்கலாம். கூப்பருக்கு மட்டும் அலைய வேண்டாம், என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பென்சிலால் சண்டை போட்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.