சிவிங்கிப்புலிக்கு முன்னால் புள்ளிமான்: குனோ பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு 2022இல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் (சீட்டா) வந்தன. அவற்றுக்காக மான்களை லாரியில் ஏற்றிப் போனார்களாமே? இரையை அதுவே தேடிக்கொள்ளாதா சார்?

பதில்: தேடிக்கொள்ளும், இருந்தால். புலிக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு மான் என்றால் வருடத்துக்கு 50. பத்தில் ஒரு பங்கை இழந்தால் மான் கூட்டம் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் போனால் தேயும். ஆக, ஒரு புலிக்கு 500 மான்கள். சிவிங்கிப்புலி உடம்பில் சிறியதுதான். ஆனால் சிறிய இரையாக அடிப்பதால் அடிக்கடி அடிக்கும். அடித்ததையும் சில நேரம் சிறுத்தை வந்து பிடுங்கிக்கொள்ளும். குனோவில் 2013இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 69 புள்ளிமான்கள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் அது சுமார் 38.

கேள்வி: மயக்க ஊசி போட்டுப் பிடிப்பார்களா?

பதில்: காட்டெருதுக்கு அப்படித்தான். 2011இல் மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா காட்டிலிருந்து பாந்தவ்கர் காட்டுக்குக் கொண்டுபோனபோது ஒவ்வொன்றாக மயக்கித்தான் ஏற்றினார்கள். நூற்றுக்கணக்கான புள்ளிமான்களுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. அதுவும் புள்ளிமான் மகா பயந்தாங்கொள்ளி. மிரண்டு ஓடினால் உடல் சூடேறி, தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பிடித்த அன்று நன்றாக நின்ற மான் சில நாள் கழித்துச் செத்து விழும்.

அதனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ‘போமா’ முறை. புனல் மாதிரி ஒரு வேலி கட்டுவார்கள். வாய் அகலம், போகப்போகக் குறுகல். பக்கங்களில் தார்ப்பாயும் புல் தட்டியும் மறைப்பாக இருக்கும். வலையாக இருந்தால் அந்தப் பக்கம் தெரிகிறதே என்று மான் மோதிக் கழுத்தை ஒடித்துக்கொள்ளும். மறைப்பைச் சுவர் என்று நினைத்து ஒதுங்கிப் போகும். உள்ளே தீவனம் வைத்துப் பழக்கி, கூட்டம் வந்ததும் கதவை இழுத்துவிடுவார்கள். குறுகல் முனையில் லாரி, தரையில் புல் பரப்பி, உள்ளே இருட்டாக. இருட்டில் மான் அடங்கிவிடும். ஒரு மானையும் கையால் தொடுவதில்லை. அந்த வேலையில் மனிதர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்!

கேள்வி: ஹெலிகாப்டர் வைத்துக்கூடப் பிடித்தார்களே அண்ணா?

பதில்: அது 2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் பக்கம். தென்னாப்பிரிக்க வல்லுநர்கள் வந்து, வயல்களில் மேய்ந்த 800க்கும் மேற்பட்ட வெளிமான்களையும் நீல்காய் என்கிற பெரிய மான்கள் சிலவற்றையும் போமாவுக்குள் ஓட்டினார்கள். எனக்கு இது பிடித்த ஏற்பாடு. பயிர் போகிறது என்று விவசாயி புலம்பும் இடத்திலிருந்து எடுத்துக் காட்டில் விடுகிறோம்.

கேள்வி: ராஜஸ்தான் மான்களைப் பலி கொடுத்ததாக, மான்களைப் புனிதமாகக் காக்கும் பிஷ்னோய் மக்கள் போராடினார்களே?

பதில்: 2022 செப்டம்பரில் நடந்தது. அவை ராஜஸ்தான் மான்கள் இல்லை, மத்தியப் பிரதேசத்திலேயே ராஜ்கர் மாவட்டத்து நரசிங்கரிலிருந்து வந்த 181 புள்ளிமான்கள் என்று வனத்துறை விளக்கியது. சரி, ஊர் எதுவானாலும் இரைக்குத்தானே கொண்டுபோகிறோம்? ஆமாம். அதை மழுப்பக்கூடாது.

கேள்வி: கொண்டுவிட்ட மான்களைச் சிறுத்தையே தின்று தீர்த்துவிடாதா?

பதில்: சரியான கேள்வி. குனோவில் சிறுத்தைகள் நிறைய. சிவிங்கிப்புலிகளுக்காகக் கட்டிய வேலிக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டன. வெளியேற்ற யானைகளை வரவழைக்க வேண்டியிருந்தது. அதனால் மான்களுக்கும் தனியாக வேலி அடைப்பு கட்டி, உள்ளே குட்டி போட்டுப் பெருகவிட்டுத் திறப்பது நல்லது. லாரியில் வருகிற மான் ஒரு தொடக்கம் மட்டும். கள்ள வேட்டைக் கண்ணியும் நாய்களும் மாட்டு மேய்ச்சலும் அப்படியே இருந்தால் எத்தனை லாரி விட்டாலும் ஓட்டைப் பானைதான். குனோவில் மான் பெருகியது எப்போது என்று பாருங்கள். குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களைக் கொண்டுவருவதற்காக 1998 முதல் 2003 வரை 24 கிராமங்களை வெளியேற்றினார்கள். விட்டுப்போன வயல்கள் புல்வெளியாயின, புள்ளிமான் பெருகியது. சிங்கம் இன்றுவரை வரவில்லை. ஊரை விட்டுப் போனவர்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

கேள்வி: கிண்டியிலும் ஐஐடி வளாகத்திலும் மான்கள் நாய்க்கடியில் சாகின்றன. அவற்றை அங்கே அனுப்பலாமே?

பதில்: வேண்டாம் தம்பி. 1,500 கிலோமீட்டருக்கும் மேல் லாரிப் பயணம், பாதி வழியிலேயே பல செத்துவிடும். மனிதர்களைப் பார்த்துப் பழகிய மான்கள் வேறு. மத்தியப் பிரதேசத்திலேயே பெஞ்ச் காடு இருக்கிறது, அங்கே புள்ளிமானுக்குக் குறைவில்லை. கிண்டிக்குச் செய்ய வேண்டியது நாயைக் கட்டுப்படுத்துவதும் வேலியைச் சரிசெய்வதும்தான்.