வாசகர் கேள்வி பதில்: மனிதக் குரங்குகளைக் காக்க நாம் ஏன் பணம் தர வேண்டும்?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பிலும் மக்காச்சோளக் காட்டிலும் பன்றியும் மயிலும் யானையும் செய்யும் சேதத்துக்கே இழப்பீடு முழுதாகக் கைக்கு வருவதில்லை. இந்த நிலையில், கல்லூரியில் படிக்கும் என் மகள் இந்தோனேசியக் காட்டில் இருக்கும் ஒராங்குட்டானுக்காக ஊரில் நிதி திரட்டப் போவதாகச் சொல்கிறாள். கண்ணால் கண்டிராத குரங்குக்கு நாங்கள் எதற்காகப் பணம் தர வேண்டும்?
(ஒரு விவசாயி, ஆனைமலை)

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது உங்கள் மகள் மீது திரும்ப வேண்டியதில்லை. பயிர்ச்சேதத்துக்கான இழப்பீடு அரசு தர வேண்டிய தொகை. ஊரார் ஆளுக்கு நூறு ரூபாய் ஒராங்குட்டானுக்குக் கொடுப்பதால் அதில் ஒரு பைசாவும் குறையாது.

அந்தக் குரங்குக்கும் ஆனைமலைக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. ஒராங்குட்டான் வாழும் சுமத்ரா, போர்னியோ தீவுகளில் காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட்டது, அந்த இனம் நலிந்ததற்கான பெருங்காரணங்களில் ஒன்று. நியாயவிலைக் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று பொள்ளாச்சிப் பகுதித் தென்னை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அது கொப்பரை விலைக்காக எழுந்த கோரிக்கைதான் என்றாலும், உங்கள் மகளின் கவலையும் அதுவும் ஒரே பாமாயிலைச் சுற்றியே எழுந்தவை.

பெண் ஒராங்குட்டான் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனும். 2017இல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட தபனுலி ஒராங்குட்டான், வட சுமத்ராவின் பத்தாங் தோரு காட்டில் மட்டும், 800க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அங்கே காட்டோரத்தில் டுரியன் பழ மரங்களை வளர்ப்பவரும் உங்களைப் போலவே விளைச்சலைப் பறிகொடுக்கிறார். காட்டை ஒட்டி வாழ்கிறவர் தலையில் மட்டும் நட்டம் விழக் கூடாது என்று நீங்கள் கேட்பது அவருக்கும் பொருந்தும் அல்லவா? பாதுகாப்பு நிதி முதலில் அவருடைய நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மகள் பணம் அனுப்ப நினைக்கும் அமைப்பு அதைச் செய்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்; செய்யவில்லை என்றால் வேறு அமைப்பைத் தேடட்டும்.

கேள்வி: 'வனத்துக்குள் திருப்பூர்' போன்ற பணிகளுக்குக் கொடுத்தால், நட்ட மரத்தை நேரில் போய்ப் பார்த்துவிட முடிகிறது. மனிதக் குரங்குகளுக்குக் கொடுத்த பணம் பயன் தந்தது என்பதை எதை வைத்து நம்புவது?
(பனியன் நிறுவன உரிமையாளர், திருப்பூர்)

பதில்: கணக்கெடுப்பை வைத்து நம்பலாம். ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளும் கூடும் விருங்கா மலைப்பகுதியில் 1981இல் எண்ணியபோது 254 மலைக் கொரில்லாக்களே இருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் அங்கே 604 இருந்தன. உகாண்டாவின் பிவிண்டி காட்டில் உள்ளவற்றையும் சேர்த்து மொத்தம் ஆயிரத்தைத் தாண்டியதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018இல் அவற்றை மிகக் கடுமையான ஆபத்துப் பிரிவிலிருந்து, அதைவிட ஆபத்து குறைந்த அடுத்த பிரிவுக்கு மாற்றியது.

அன்றாடம் கொரில்லாக் கூட்டங்களைப் பின்தொடரும் காவலர்களும், வேட்டைக்காரர் வைத்த கண்ணிகளை அகற்றுவோரும், காட்டுக்குள்ளேயே சென்று சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து ஈட்டிய பலன் இது. இதற்கான பணத்தில் பெரும்பங்கு பார்வையாளர் கட்டணத்திலிருந்து வருகிறது. ருவாண்டாவில் 2017 முதல் ஒருவர் கொரில்லாவைப் பார்க்க 1,500 டாலர் செலுத்த வேண்டும். பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் 10 விழுக்காடு சுற்றுப்புற ஊர்களுக்குப் போகிறது. கொரில்லா உயிரோடு இருப்பதால் தன் ஊருக்கு வருவாய் உண்டு என்று அங்குள்ள குடியானவருக்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டை மட்டுமே நம்பியிருக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கொரில்லாச் சுற்றுலா நின்றபோது கட்டணமும் நின்றது. காவல் பணியை நிறுத்த முடியுமா? சிம்பன்சிக்கு நெருங்கிய உறவான போனபோ என்ற மனிதக் குரங்கு வாழும் காங்கோ ஆற்றுப்படுகை போன்ற இடங்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் மிகக் குறைவாகவே செல்கிறார்கள். நட்ட மரம் சில கோடைகள் தண்ணீர் கண்டுவிட்டால் தானே நிற்கும். காவலருக்கோ மாதந்தோறும் சம்பளம் தர வேண்டும். ஆகவே, ஒரே முறை பெருந்தொகை தருவதைவிட ஆண்டுதோறும் தவறாமல் தரும் சிறுதொகையே அங்கே கூடுதலாக உதவும்.

கேள்வி: கொரில்லாவுக்கு உதவ முன்வருகிறவர்கள்கூட சிம்பன்சி என்றதும் சிரித்துவிட்டு நகர்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அமெரிக்காவில் உயிரியல் பூங்காவுக்கு வந்தவர்களைக் கேட்டபோது, கொரில்லா அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று 95 விழுக்காட்டினரும் ஒராங்குட்டானைப் பற்றி 91 விழுக்காட்டினரும் சொன்னார்கள். சிம்பன்சிக்கு அப்படிச் சொன்னவர்கள் 66 விழுக்காடுதான். சட்டை அணிந்து விளம்பரங்களிலும் திரையிலும் அடிக்கடி தோன்றுவதால், அது ஏராளமாக இருக்கும் விலங்கு என்ற எண்ணம் படிந்துவிட்டது. 2011இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, சிம்பன்சி நடித்த வேடிக்கை விளம்பரங்களைச் சிலருக்குக் காட்டிவிட்டு, கையிலிருந்த பணத்தில் நன்கொடை தரும் வாய்ப்பையும் அளித்தார்கள். வேடிக்கை விளம்பரம் பார்த்தவர்களே குறைவாகக் கொடுத்தார்கள். அத்தகைய காணொளி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: நம் நாட்டுக் குரங்குகளுக்கு முதலில் கொடுத்தால் போதாதா?
(இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: தாராளமாகக் கொடுங்கள். இந்தியக் காடுகளில் வாழும் வாலில்லாக் குரங்கு ஹூலக் கிப்பன் மட்டுமே. அதன் வாழிடம் வடகிழக்கு மாநிலங்கள். அஸ்ஸாமின் ஜோர்ஹாட் அருகே உள்ள ஹொல்லங்காபார் கிப்பன் சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர். அதையும் ஒரு ரயில் பாதை பிளந்து செல்கிறது. தரையில் இறங்கத் தயங்கும் கிப்பனுக்கு அந்தப் பாதை பெரிய தடை. வால்பாறை புதுத்தோட்டத்தில் சோலைமந்திகள் வண்டிகளில் அடிபடாமல் சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கும் அதே வழிதான் வேண்டும்.

எங்கே கொடுத்தாலும் ஆண்டறிக்கையையும் தணிக்கை செய்த கணக்கையும் கேட்டு வாங்குங்கள். மனிதக் குரங்குக் குட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கவிடும் இடம் எதுவானாலும் அதற்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். காட்டில் பிடிபட்ட குட்டி என்றால், பெரும்பாலும் அதன் தாயைக் கொன்றுவிட்டுத்தான் அதைப் பிடித்திருப்பார்கள்.