கொட்டக் கொட்டப் புழு குளவியாகுமா?

அன்புள்ள சார்,

உங்கள் வீட்டு மாடி ஜன்னலில் குளவி கூடு கட்டியிருப்பதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததால்தான் உங்களிடம் இதைக் கேட்கத் தோன்றியது.

நான் கோவையில் ஒரு நிதி நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வகுப்பெடுக்க வந்தவர் ஓநாய்க் கூட்டத்தின் படம் ஒன்றைத் திரையில் போட்டார். "இதில் ஒன்று ஆல்ஃபா. அது மற்றதைக் கடித்து அடக்கி வைத்திருப்பதால்தான் கூட்டம் பிழைக்கிறது. தேனீக்கும் ராணி உண்டு, எறும்புக்கும் ராணி உண்டு. இயற்கையே அப்படித்தான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் மேலாளர் யாரைத் திட்டினாலும் இதைச் சொல்லித்தான் திட்டுகிறார். போன திங்கட்கிழமை என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண்ணை இருபது பேர் முன்னால் நிற்க வைத்துப் பேசினார். முடித்துவிட்டு, "கொட்டக் கொட்டத்தான் புழு குளவியாகும்" என்றார். அந்தப் பெண் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

விலங்குகள் கூடி வாழ்வதை ஆராய்கிறவர்கள் உண்மையிலேயே இதைத்தான் சொல்கிறார்களா? குளவியையும் ஓநாயையும் பார்த்து ஓர் அலுவலகத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தப் பழமொழிதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சுவரில் மண்கூடு கட்டும் குளவி ஒரு பச்சைப் புழுவைக் கொட்டித் தூக்கி வருகிறது. கொட்டியதில் புழு சாவதில்லை. அசைய முடியாமல் கிடக்கிறது. அதைக் கூட்டுக்குள் வைத்து, முட்டையும் இட்டு, மண்ணால் வாயை அடைத்துவிட்டுக் குளவி போய்விடுகிறது. சில வாரம் கழித்து அடைப்பை உடைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்று பார்த்தவர்கள், கொட்டிக் கொட்டித்தான் புழு குளவியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். நடந்தது வேறு. முட்டையிலிருந்து வந்த குளவிக் குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு தின்று வளர்ந்தது. வெளியே வந்தது குளவியின் பிள்ளை. புழு உள்ளேயே முடிந்துபோயிற்று. ஒருவரைக் கொட்டி ஆளாக்கலாம் என்று நம்புகிறவர்களுக்கு இதை முழுக்கச் சொல்ல வேண்டும்.

ஓநாய்க் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஓயாத சண்டை, சண்டையில் ஜெயித்து மேலே வரும் ஒரு ஜோடி. ஆல்ஃபா என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் ஓநாய்களைப் பற்றி எழுதிய நூல் அதை உலகம் முழுவதும் கொண்டுபோயிற்று. அப்புறம் அதே மெக், 1986-லிருந்து கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களுக்குப் பக்கத்திலேயே தங்கிப் பார்த்தார். அங்கே யாரும் யாரையும் ஜெயித்துத் தலைவராகவில்லை. கூட்டம் என்பது ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்களுடைய பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்ததும் பிரிந்துபோய்த் துணை தேடித் தனிக் குடும்பம் நடத்துகின்றன. 1999-ல் இதை ஆய்விதழில் எழுதினார். தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். தான் பரப்பிய ஒரு கருத்தைத் தானே திரும்பப் பெறுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! உங்கள் வகுப்பில் இந்தப் பாதியையும் சொல்லியிருக்கலாம். ஒரே கூண்டில் அடைக்கப்பட்ட ஓநாய்கள் ஓயாமல் கடித்துக்கொண்டன என்றால், அது கூண்டைப் பற்றியும் ஏதோ சொல்கிறது அல்லவா?

ஆனால் எனக்கு ஓநாயைவிட 'ராணி' என்ற சொல்தான் முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பாவில் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே தேன்கூட்டின் தலைமைத் தேனீயை ராஜா என்றுதான் அழைத்தார்கள். ஆளுவது ஆண்தானே என்ற எண்ணம். அது பெண் என்று வலியுறுத்தி 1609-ல் எழுதியவர் சார்ல்ஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார். இங்கிலாந்தை 44 வருடம் ஆண்ட எலிசபெத் அப்போதுதான் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிறகு அதே நூற்றாண்டில் டச்சுக்காரரான யான் சுவாமர்டாம் அந்தத் தேனீயை அறுத்து, உள்ளே இருந்த முட்டைப்பைகளைக் காட்டினார். ராஜா என்றாலும் ராணி என்றாலும், நாம் நம் அரண்மனையிலிருந்து கொண்டுபோய்க் கூட்டில் வைத்த பெயர்கள். இப்போது அதே பெயரைக் கூட்டிலிருந்து எடுத்து வந்து, "பாருங்கள், இயற்கையிலேயே ராணி இருக்கிறது" என்கிறோம். நாம் வைத்ததைத்தான் நாமே எடுக்கிறோம். தேனீக் கூட்டம் புது வீடு தேடும்போது இடத்தை முடிவு செய்வது ராணி இல்லை. சில நூறு வேவுத் தேனீக்கள் ஆளுக்கொரு பொந்தைப் பார்த்துவிட்டு வந்து, ஆடி ஆடி ஒன்றையொன்று இணங்க வைக்கின்றன. ராணி கொத்துக்கு நடுவில் காத்திருக்கிறது. முட்டையிடுவதுதான் அதன் வேலை.

சரி, எங்கள் ஜன்னல் குளவிக்கு வருகிறேன். செம்பழுப்பு நிறம், வயிற்றில் ஒரு மஞ்சள் வளையம். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்று பெயர். நார்களை எச்சிலோடு மென்று காகிதம் போலாக்கிக் கூடு கட்டும். கூட்டுக்கு மேலுறை கிடையாது என்பதால் உள்ளே நடப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் நாற்பது வருடத்துக்கும் மேலாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். அவர் முனைவர் பட்டம் வாங்கியது மூலக்கூறு உயிரியலில். குளவி முதலில் அவருக்கு ஆசைக்காகப் பார்த்த விஷயம். அவரும் அவருடைய மாணவர்களும் ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வெவ்வேறு வண்ணப் பொட்டு வைத்து, எது எதை என்ன செய்கிறது என்று மணிக்கணக்காக உட்கார்ந்து குறித்தார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், பொறுமையை மட்டும் வைத்து நம் பக்கத்து ஊரிலேயே உலகத் தரமான அறிவியல் நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கதக்கரும் என்.வி. ஜோஷியும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், குளவிகளை அவை பொழுதைக் கழிக்கும் விதத்தை வைத்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவை, சண்டை போடுபவை, இரை தேடப் போகிறவை. ராணி சண்டைக்காரர்களில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? மார்ஜினேட்டாவின் ராணி உட்கார்ந்திருக்கும் வகையில் இருந்தது. பரம சாது. யாரையும் விரட்டுவதில்லை, வேலைக்கு அனுப்புவதில்லை. ஆனாலும் முட்டையிடுவது அது மட்டும்தான். தான் இருப்பதை வாசனையால் தெரிவிக்கிறது. வயிற்று நுனியைக் கூட்டின் மேல் தேய்த்துக்கொண்டே போகும்.

அப்படியானால் வேலை எப்படி நடக்கிறது? வேலைக்காரக் குளவிகள் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்கின்றன. கூட்டில் இருப்பவை இரை தேடுபவற்றைக் கடிக்கும், துரத்தும். பார்த்தால் அதிகாரச் சண்டை போலத்தான் இருக்கும். ஆய்வாளர்கள் குஞ்சுகளுக்குத் தாங்களே கையால் ஊட்டிப் பார்த்தார்கள். உணவு நிறைந்ததும் அந்தக் கடியும் துரத்தலும் குறைந்துவிட்டன. "பிள்ளைகள் பட்டினி, போய்க் கொண்டு வா" என்ற செய்திதான் அந்தக் கடியில் இருந்தது. இதைப் படித்தபோது நான் வெகுநேரம் யோசித்தேன். உங்கள் மேலாளர் இருபது பேர் முன்னால் பேசியதில் செய்தி என்று ஏதாவது இருந்ததா? எந்த வேலை பாக்கி, எதைத் திருத்த வேண்டும் என்று ஏதாவது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததா?

ராணியை எடுத்துவிட்டால் நடப்பது இன்னும் ஆச்சரியம். சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரக் குளவி ஆவேசம் வந்தது போல மற்றவற்றைத் தாக்கத் தொடங்கும். ராணியைத் திருப்பி வைத்தால் அடங்கிப் பழைய வேலைக்குப் போய்விடும். வைக்காவிட்டால், ஆவேசம் நாளுக்கு நாள் குறைந்து, ஒரு வாரத்துக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். அதாவது அதுவும் சாதுவான ராணியாகிவிடும். அடுத்த வாரிசு எது என்று ராணி இருக்கும்போது நம்மால் கண்டுபிடிக்க முடியாது. உடல் பெரிதா, சண்டையில் கெட்டியா என்று பார்த்துச் சொல்ல முடிவதில்லை, வயது ஓரளவுக்குத் துப்பு, அவ்வளவுதான். ஆனால் குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. 2008-ல் அனிந்திதா பத்ராவும் கதக்கரும் கூட்டை நடுவில் கம்பிவலை வைத்துப் பிரித்து, ராணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வைத்து இதைக் காட்டினார்கள். உண்மையான வாரிசு வெளிப்பட்டதும் மற்ற எதுவும் அதை எதிர்த்துச் சண்டைக்குப் போவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆசை வருகிறது. "பாருங்கள், நல்ல தலைமை சாதுவாக இருக்கும் என்று இயற்கையே சொல்கிறது" என்று உங்கள் மேலாளருக்கு எழுதிவிடலாம் போல. எழுதக் கூடாது. மார்ஜினேட்டாவுக்கு அதே பேரினத்தில் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது, ரோபாலிடியா சயத்திஃபார்மிஸ். அதன் ராணி சண்டைக்கார வகை. அடித்துத்தான் ஆளுகிறது. இரண்டும் நம் தென்னிந்தியாவில்தான் கூடு கட்டுகின்றன, இரண்டும் நன்றாகப் பிழைக்கின்றன. நான் ஒரு குளவியைக் காட்டினால் அவர் இன்னொன்றைக் காட்டலாம். இயற்கையிடம் தீர்ப்புக் கேட்டால் அது இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். அதனால் "இயற்கையே அப்படித்தான்" என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சையும், அது எனக்குப் பிடித்த முடிவுக்கே வந்தாலும், நான் ஏற்பதில்லை.

அப்படியானால் இந்த ஆய்வுகளால் நமக்கு என்ன பயன் என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தருகின்றன. மார்ஜினேட்டாவின் வேலைக்காரக் குளவி அடிமை இல்லை. அதனாலும் முட்டையிட முடியும், கூட்டை விட்டுப் போய்த் தனிக்கூடு தொடங்க முடியும். பல குளவிகள் போகவும் செய்கின்றன. ஒரு கூட்டத்தைப் பார்க்கும்போது யார் ஆளுகிறார்கள் என்பதைவிட, பிடிக்காதவர் விலகிப் போக வழி இருக்கிறதா என்று கேட்பது அதிகம் சொல்லும். கீழே இருப்பவரின் உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான்.

இதை மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள். லண்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, யாரும் பட்டினியில் இல்லை. ஆனாலும் கடைசிப் படியில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்தது, மேல்படி அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல். புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் வித்தியாசத்தின் ஒரு பகுதிக்குத்தான் காரணம் கிடைத்தது. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-ல் தொடங்கிய அடுத்த ஆய்வில், தன் வேலையைத் தானே தீர்மானிக்க இடமில்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவது தெரிந்தது.

கடைசியாக, பபூன் என்ற ஆப்பிரிக்கக் குரங்குகளின் கூட்டம் ஒன்று. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் சபோல்ஸ்கி கென்யாவில் பல வருடம் கவனித்து வந்த கூட்டம் அது. பக்கத்தில் ஒரு சுற்றுலா விடுதியின் குப்பைக்குழி. அங்கே வேறொரு கூட்டத்தோடு மல்லுக்கட்டி எச்சில் தின்னப் போனவை சண்டைக்கார ஆண்கள் மட்டும்தான். 1980-களின் நடுவில், குழியில் கொட்டிய இறைச்சி வழியாகக் காசநோய் வந்து அந்த ஆண்கள் இறந்துபோயின. கூட்டத்தின் ஆண்களில் ஏறக்குறைய பாதி. மிஞ்சியவை சாதுவானவை. அங்கே மேல் கீழ் என்ற வரிசை அழிந்துவிடவில்லை. ஆனால் மேலே இருப்பவை கீழே இருப்பவற்றை வதைப்பது குறைந்தது, கீழே இருந்தவற்றின் உடம்பிலும் பதற்றத்தின் அடையாளங்கள் குறைவாக இருந்தன. ஆண் பபூன்கள் வயதுக்கு வந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது பழைய ஆண் ஒன்றுகூட அங்கில்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. கூட்டத்தின் சுபாவம் மட்டும் அப்படியே இருந்தது. புதிதாக வந்தவை அந்த இடத்தின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தன. லிசா ஷேருடன் சேர்ந்து சபோல்ஸ்கி இதை 2004-ல் வெளியிட்டார்.

மாற முடியாத சுபாவம் என்று நாம் பபூனைப் பற்றி நினைத்திருந்ததே மாறியிருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் நடப்பதும் அந்த மேலாளரோடு பிறந்ததில்லை. எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறார், அதற்கு ஒரு பயிற்சி வகுப்பும் துணை போயிருக்கிறது. உங்களைப் போல எட்டு வருடம் இருப்பவர்கள் அங்கே இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். ஆள் முன்னால் அவமானப்படுத்துவது இங்கே வேண்டாம் என்று சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எப்படி இருக்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.