தாத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்தாரா, கப்பலிலா?

குடும்ப வரலாறு எழுதும்போது வீட்டில் சிலர் நடை என்றும் அத்தை கப்பல் என்றும் சொன்னால், இரண்டையும் எழுதுங்கள். நடை என்றால் 1942, ஜப்பான் படையெடுப்பு. அத்தை சொல்லும் கப்பல் பெரும்பாலும் 1964-ஐ ஒட்டியது, கடைகளை பர்மா அரசு எடுத்துக்கொண்ட சமயம். போர் முடிந்ததும் பலர் ரங்கூனுக்கே திரும்பிப் போனார்கள். உங்கள் தாத்தாவும் போயிருக்கலாம். அதனால்தான் கதை குழம்புகிறது.

அத்தையிடம் வருஷம் கேட்காதீர்கள், என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். குண்டுவீச்சு என்றால் 1941 டிசம்பர் 23-ம் அதற்கு அப்புறமும். "நோட்டு செல்லாமல் போச்சு" என்றால் 1964 மே. பர்மா பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாதென அறிவித்தார்கள். அப்புறம் வீட்டில் அகதி அடையாள அட்டையோ பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கான பர்மா காலனி மனைப் பத்திரமோ இருந்தால் தேதியைப் பாருங்கள்.

ஒன்று, 1942 தொடக்கத்திலும் கப்பல் ஓடியது. டிக்கெட் கிடைக்காதவர்கள்தான் பெரும்பாலும் நடந்தார்கள். கப்பலை மட்டும் வைத்து வருஷம் போட்டுவிடாதீர்கள்.