பூனை நனைகிறது, காகிதக் குடை நனைவதில்லை: ஏன்?

"நாலு சொட்டு மழைக்கே பூனை ஓடி ஒளிகிறது, காகிதத்தில் செய்த குடை மட்டும் மழையை எப்படித் தாங்குகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி.

போன கார்த்திகை மழையில் எங்கள் திருவல்லிக்கேணி வீட்டு மாடிப்படிக்கு ஒரு பூனை தொப்பலாக நனைந்து வந்தது. துண்டால் நன்றாகத் துவட்டிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் மேல்மயிர் காய்ந்திருந்தது, வயிற்றுப் பக்கம் அடிமயிரில் ஈரம் அப்படியே இருந்தது. விஷயம் அதுதான். மெத்தென்ற அடிமயிர் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது; உடம்பு கனக்கிறது, சூடு இறங்குகிறது, பாவம், நடுங்குகிறது. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. நீந்த வேண்டிய தேவை அதற்கு அதிகம் இல்லை. ஆனால் எல்லாப் பூனையும் அப்படியல்ல. காக்கிநாடா பக்கம் கோரிங்கா அலையாத்திக் காட்டில் வாழும் மீன்பிடிப் பூனை தண்ணீரில் இறங்கியே இரை தேடும்.

சரி, குடை. தாய்லாந்தில் சியாங் மாய் அருகே போ சாங் கிராமத்தில் இன்றும் செய்கிறார்கள். மல்பெரி வகை மரப்பட்டையிலிருந்து எடுக்கும் காகிதம் அது. நார் நீளமானது, அதனால் லேசில் கிழியாது. சீவிய மூங்கில் கம்பிகள்மேல் அதை ஒட்டி, எண்ணெய் பூசி வெயிலில் காயவைப்பார்கள். எண்ணெய் இறுகி நாரின் இடைவெளிகளை அடைத்துவிடும். மழைத்துளி உள்ளே இறங்க வழியின்றி வழிந்தோடிவிடும்.

பூனையை அவசியமின்றிக் குளிப்பாட்டாதீர்கள். தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள அதற்கே தெரியும்.