இரட்டைக் குடியுரிமையோடு ஊர் திரும்பினால் கனடாப் பென்சன் கூட வருமா?

கேள்வி: 1991இல் கனடாவுக்கு வந்தேன், வயது 68. மனைவியை 2008இல்தான் கூப்பிட முடிந்தது, அவருக்கு 66. இருவரும் கனேடியக் குடியுரிமை எடுத்துவிட்டோம். எனக்கு இலங்கை இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்தில் காணி வாங்கி நிரந்தரமாக இருக்கலாம் என்று யோசிக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஐயா, காணியைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் மனைவியின் பென்சன். கையில் எத்தனை நாட்டுக் குடியுரிமை இருக்கிறது என்பதை ஓ.ஏ.எஸ், அதாவது கனடா அரசு தரும் முதியோர் பென்சன், பார்ப்பதில்லை, 18 வயதுக்குப் பிறகு கனடாவில் எத்தனை வருடம் வாழ்ந்தீர்கள் என்பதைத்தான் பார்க்கும். 20 வருடம் நிறைந்தவர் எந்த நாட்டுக்குப் போய் இருந்தாலும் அந்தக் காசு தொடர்ந்து வரும். நிறையாதவருக்கு, நாட்டை விட்டுப் போய் ஆறு மாதம் கடந்ததும் நின்றுவிடும். உங்களுக்கு 20 எப்போதோ தாண்டிவிட்டது. அவருக்கு 2028இல்தான் நிறைகிறது. அதற்கு ஒரு மாதம் முன்னால் குடிபெயர்ந்தாலும் கணக்குத் தவறிவிடும், அதனால் அவர் வந்திறங்கிய தேதியை லேண்டிங் பேப்பரில் (குடியேறியபோது கொடுத்த பத்திரத்தில்) பார்த்து, 20 வருடம் முழுதாகக் கழிந்தபின் விமானச் சீட்டு எடுங்கள். இந்த ஒன்றிலாவது பிள்ளைகளின் அவசரத்துக்கோ உறவினரின் வற்புறுத்தலுக்கோ இடம் கொடுக்காதீர்கள்.

ஜி.ஐ.எஸ் (வருமானம் குறைந்த முதியோருக்கான மேலதிகக் காசு) எடுக்கிறீர்கள் என்றால் அது இருவருக்குமே ஆறு மாதத்தோடு சரி, எத்தனை வருடம் வாழ்ந்திருந்தாலும் வெளிநாட்டுக்கு வராது. மாதச் செலவைத் திட்டமிடும்போது அதைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள். சி.பி.பி, அதாவது வேலை செய்த காலத்தில் கட்டிய பணத்துக்கான பென்சன், எங்கே இருந்தாலும் வரும். கனடாவில் வதிவிடம் இல்லாதவருக்குப் பென்சனில் பொதுவாக 25 வீதம் வரி பிடிப்பார்கள், ஆனால் இரு நாடுகளுக்கும் இடையில் வரி ஒப்பந்தம் இருப்பதால் குறைந்த வீதம் கேட்கலாம்.

வீட்டை விற்பதென்றால் போவதற்கு முன்பே விற்றுவிடுங்கள். வெளியேறிய பிறகு விற்றால், வரித் திணைக்களத்தின் சான்றிதழ் வரும்வரை வாங்குபவர் விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார், அந்த அலைச்சல் இந்த வயதில் வேண்டாம். பங்குகள் வைத்திருந்தால், வெளியேறும் நாளில் விற்றதாகவே கருதி இலாபத்துக்கு வரி போடுவார்கள், ஆர்.ஆர்.எஸ்.பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்குக்கு இது பொருந்தாது.

சரி, காணி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது, இரட்டைக் குடியுரிமை உள்ளவர் அந்தத் தடைக்குள் வரமாட்டார். ஆனால் உங்கள் சான்றிதழ் உங்களுக்கு மட்டும்தான். கனேடியக் குடியுரிமை எடுத்ததோடு மனைவியின் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது, பழைய அடையாள அட்டை பத்திரமாக இருந்தாலும் அதற்குப் பலமில்லை. காணி உறுதியில் (பத்திரத்தில்) அவர் பெயரும் வர வேண்டுமென்றால், உங்கள் துணைவியாக அவர் தனியாக விண்ணப்பித்துச் சான்றிதழ் எடுக்கட்டும், அப்புறம் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போங்கள். கூட்டுரிமைக் காணியென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் முடித்த உறுதி வழக்கில் போய் நிற்கும். அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுத்து யாரையாவது வாங்கச் சொல்வதைவிட, நீங்களே ஒருமுறை போய் காணிப் பதிவகத்தில் தேடுதல் எடுத்து, வேலியையும் கிணற்றுப் பங்கையும் நடந்து பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கும்போதும் ஏறும்போதும் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டுங்கள். கனடாவுக்குப் பறக்க கனேடியக் கடவுச்சீட்டு கட்டாயம், 2016இன் இறுதியிலிருந்து அது இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அதனால் காலாவதியாக விடாதீர்கள்.

மருத்துவம்தான் மிச்சம். ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) தொடர 12 மாதத்தில் 153 நாளாவது ஒன்ராறியோவில் இருக்க வேண்டும், நிரந்தரமாகப் போனால் அது போய்விடும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான், ஆனாலும் இருவரும் தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் அங்கே கிடைக்கின்றனவா என்பதை, மருந்துகளின் பொதுப்பெயரோடு எழுதிக் கொடுத்து, வீட்டை விற்பனைக்குப் போடுவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.